ஜெர்மனியில் ஐந்தாம் வகுப்பு முதல் அபிட்டூர் வரை: பிள்ளைகளுடன் குடியேறும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் பெரும்பாலான பிள்ளைகள் நான்காம் வகுப்பை முடித்த கையோடு, பத்து வயதிலேயே, வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போய்விடுகிறார்கள். ஒரு பள்ளி பல்கலைக்கழகத்தை நோக்கியும் இன்னொன்று தொழிற்பயிற்சியை நோக்கியும் அழைத்துச் செல்கிறது. வேலை நிமித்தமாக இங்கு வரும் நம் குடும்பங்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். பிள்ளையின் தலையெழுத்தைப் பத்து வயதில் யாரோ எழுதிவிடுகிறார்கள் என்று அஞ்சி, மொழியே தெரியாத பிள்ளையை எப்படியாவது உயர்ந்ததாகக் கருதப்படும் பள்ளிக்குள் சேர்த்துவிடப் பெற்றோர் படாத பாடு படுகிறார்கள்.

எங்கள் மகள் பதினொரு வயதில் இங்கு வந்தாள். நாங்களும் அந்தப் பாட்டைப் பட்டோம். அதன்பின் புதிதாக வந்த பல குடும்பங்களுக்குத் துணையாகப் பள்ளி அலுவலகங்களுக்குச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: எந்த வகைப் பள்ளி என்பதைவிட, பிள்ளை வகுப்பில் வாய் திறந்து ஜெர்மன் பேசுகிறதா என்பதே பெரிய கேள்வி. பத்து வயதில் அடைபட்டதாகத் தோன்றும் வழிகள் பதினாறு வயதில் மீண்டும் திறக்கின்றன. வாய் திறக்காத பிள்ளைக்கோ, எந்தப் பள்ளியில் இருந்தாலும் மதிப்பெண் ஏறுவதில்லை. ஒரு குடும்பம் எந்த வரிசையில் இவற்றை எதிர்கொள்ளுமோ அதே வரிசையில் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: எந்த மாநிலம் என்று பாருங்கள்

நாடு முழுமைக்கும் பொதுவான ஒரே பள்ளி முறை ஜெர்மனியில் கிடையாது. 16 மாநிலங்களும் தத்தமது பள்ளிச் சட்டத்தைத் தாமே இயற்றுகின்றன. மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடிப் பேசி ஒருங்கிணைக்கும் நிலையான அமைப்பு ஒன்று 1948 முதல் இருக்கிறது. ஆனாலும் அன்றாட விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே இருக்கும் மைன்ஸும் வீஸ்பாடனும் வெவ்வேறு மாநிலங்களின் தலைநகரங்கள். பாலத்தைக் கடந்தால் பள்ளிச் சட்டமே மாறிவிடும்.

இந்த வேறுபாடுகள் சிறியவை அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கு ஆண்டுகள் என்றால், பெர்லினிலும் பிராண்டன்பூர்க்கிலும் ஆறு ஆண்டுகள். பல்கலைக்கழகத் தகுதிக்கான அபிட்டூர் தேர்வைச் சாக்சனியிலும் துரிங்கியாவிலும் 12 ஆண்டுப் படிப்பில் எழுதுகிறார்கள். பவேரியாவும் நோர்டுரைன்-வெஸ்ட்ஃபாலனும் சில காலம் 12 ஆண்டு முறைக்கு மாறிவிட்டு மீண்டும் 13 ஆண்டுகளுக்கே திரும்பிவிட்டன. அப்படித் திரும்பிய பின் வரும் முதல் தொகுதி பவேரியாவில் 2026-இல் அபிட்டூர் எழுதுகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் 2025–26 கல்வியாண்டு முதல் அதே வழியில் திரும்பியிருக்கிறது. கோடை விடுமுறையும் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மாநிலங்கள் முறைவைத்து மாற்றிக்கொள்கின்றன, பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் மட்டும் ஆண்டுதோறும் கடைசியாகவே விடுகின்றன.

ஆகவே பெர்லினில் இருக்கும் நண்பர் சொல்வது அவருக்கு முற்றிலும் சரியாக இருக்கும், முனிக்கில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாமல் போகும். எந்த அறிவுரையைக் கேட்டாலும் "இது எந்த மாநிலத்து விதி?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியையும் அப்படியே படியுங்கள்.

இரண்டாம் படி: பள்ளி வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

அடிப்படையில் நான்கு வகைகள் உண்டு. கிம்னாசியும் என்பது அபிட்டூர் வரை நேரே செல்லும் பள்ளி, பெயரைப் பார்த்து உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். ரியால்ஷூலே பத்தாம் வகுப்பு வரை செல்லும். அதன் சான்றிதழை மிட்லரே ரைஃபே, அதாவது நடுநிலைச் சான்றிதழ், என்பார்கள். ஹவுப்ட்ஷூலே ஒன்பது அல்லது பத்தாம் வகுப்போடு முடிந்து தொழிற்பயிற்சிக்கு வழிவிடும். கெசாம்ட்ஷூலே இந்த மூன்று தரத்துப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த பள்ளி. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும்: பவேரியாவில் ஹவுப்ட்ஷூலேயின் இடத்தில் மிட்டல்ஷூலே, சாக்சனியில் ஓபர்ஷூலே, ஹாம்பூர்க்கில் ஷ்டாட்டைல்ஷூலே. பெர்லினிலும் ஹாம்பூர்க்கிலும் ஏறத்தாழ இரண்டே வகைகள்தாம். ஒன்று கிம்னாசியும், மற்றது ஒருங்கிணைந்த பள்ளி. இரண்டிலிருந்தும் அபிட்டூருக்குப் போகலாம்.

படிவங்களில் அடிக்கடி நேரும் ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹோக்‌ஷூலே என்ற சொல்லைப் பார்த்து உயர்நிலைப் பள்ளி என்று நினைத்து நிரப்பிவிடுகிறார்கள். அது கல்லூரி, பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களைக் குறிக்கும் சொல்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. பவேரியாவில் நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறந்ததாக இருந்தால் கிம்னாசியும், 2.66 வரை இருந்தால் ரியால்ஷூலே. இங்கே எண் குறையக் குறைய மதிப்பெண் உயர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சராசரி கிடைக்காத பிள்ளை, விரும்பிய பள்ளியில் சில நாள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து தகுதியைக் காட்டலாம். நோர்டுரைன்-வெஸ்ட்ஃபாலன், ஹாம்பூர்க் போன்ற மாநிலங்களில் ஆசிரியர்கள் பரிந்துரைதான் தருகிறார்கள், முடிவு பெற்றோர் கையில். ஆனால் அங்கும் ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் ஒரு சோதனைக் காலம் போன்றவை. ஆறாம் வகுப்பின் முடிவில் மதிப்பெண் போதாவிட்டால் கிம்னாசியும் பிள்ளையை வேறு வகைப் பள்ளிக்கு அனுப்பிவிடும். அந்த வலியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலிலேயே ஒருங்கிணைந்த பள்ளியில் சேர்ந்து நிம்மதியாக வளர்வதற்கும், இரண்டு ஆண்டுகள் திணறிவிட்டு வெளியேற்றப்படுவதற்கும் பிள்ளையின் மனத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

இவ்வளவு சிறிய வயதில் பிரிப்பது சரியா என்று இந்த நாட்டவர்களே கேட்காமலில்லை. பீசா என்ற பன்னாட்டு மாணவர் ஆய்வின் முதல் முடிவுகள் 2001-இல் வெளியானபோது, பிள்ளையின் படிப்பு குடும்பப் பின்னணியோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்று தெரிந்து நாடே அதிர்ந்தது. ஒருங்கிணைந்த பள்ளிகள் பெருகியதற்கும் முழுநாள் பள்ளிகள் வந்ததற்கும் அந்த அதிர்ச்சி ஒரு காரணம்.

மூன்றாம் படி: சேர்க்கை

இங்கு வந்திறங்கியதும் முதலில் வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. அடுத்து உங்கள் பகுதியின் கல்வி அலுவலகத்தையோ நகராட்சியின் ஆலோசனை மையத்தையோ அணுக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படிகளை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்றும் கட்டாயம். 2020 மார்ச் முதல் இது சட்டம். ஊரில் போட்ட ஊசியின் பதிவேடு கையில் இருந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டி இங்குள்ள மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக்குப் போவது இந்த நாட்டில் சட்டக் கடமை. வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க அனுமதி இல்லை. அதற்கு ஈடாக அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணமும் இல்லை. பாடநூல்களைப் பல மாநிலங்களில் பள்ளியே இரவல் தரும், ஆண்டு முடிவில் கிழிசல் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போவது உறுதி என்றால் மட்டும் கட்டணம் மிகுந்த பன்னாட்டுப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். தங்கப்போகிறவர்களுக்கு அது பிள்ளையை ஊரிலிருந்து விலக்கிவைக்கும் சுவராகவே முடிகிறது.

ஜெர்மன் தெரியாத பிள்ளை பெரும்பாலும் முதலில் மொழி வகுப்பில் சேர்க்கப்படும். பெர்லினில் வில்கோமன்ஸ்கிளாஸே, பவேரியாவில் டொய்ட்ச்கிளாஸே, பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஃபோர்பெரைட்டுங்ஸ்கிளாஸே, ஹெஸ்ஸனில் இன்டென்சிவ்கிளாஸே என்று அதற்குப் பெயர்கள். ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு, அங்கே மொழி கற்றுக்கொண்டே கணக்கு, விளையாட்டு, ஓவியம் போன்ற பாடங்களுக்கு வழக்கமான வகுப்பில் போய் உட்காரும். நம்மில் பலர் இந்த வகுப்பைத் தண்டனையாக நினைத்து, "எங்கள் பையன் அங்கே முதல் மாணவன், அவனை நேரே ஏழாம் வகுப்பில் போடுங்கள்" என்று மன்றாடுகிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். இங்கு கணக்குத் தேர்விலேயே கேள்விகள் பத்தி பத்தியாக இருக்கும், வரலாறும் உயிரியலும் முழுக்க எழுத்து. மொழியில்லாமல் உள்ளே போன பிள்ளை தன்னை அறிவில்லாதவன் என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. அந்த நம்பிக்கையைப் பின்னால் உடைப்பது, ஓராண்டு தாமதத்தைவிடக் கடினம். வயதுக்கு ஒரு வகுப்பு கீழே போட்டாலும் மறுக்காதீர்கள். இங்கு ஒரே வகுப்பில் வயது வேறுபாடு சாதாரணம்.

சேர்க்கைப் படிவத்தில் சமய வகுப்பு பற்றியும் கேட்பார்கள். அரசியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி சமயக் கல்வி ஒரு முறையான பாடம், ஆனால் கலந்துகொள்வதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம். வேண்டாதவர்களுக்குப் பெரும்பாலும் அறவியல் அல்லது மெய்யியல் வகுப்பு உண்டு.

நான்காம் படி: பள்ளி நாளுக்குப் பழகுங்கள்

பள்ளி எட்டு மணி வாக்கில் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் பிள்ளை இருட்டில் கிளம்பிப் போகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தனியாகவே பேருந்திலோ டிராமிலோ மிதிவண்டியிலோ செல்வது இங்கே வழக்கம். ஒரு பாடவேளை பொதுவாக 45 நிமிடம், பல பள்ளிகளில் இரண்டை இணைத்து 90 நிமிடமாக நடத்துகிறார்கள். சீருடை கிடையாது. அரைநாள் பள்ளியானால் மதியம் ஒரு மணி சுமாருக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும், முழுநாள் பள்ளியானால் மாலை வரை.

இடைவேளைக்கு ஒரு டப்பாவில் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டுபோவார்கள், சூடான உணவு இடைவேளையில் வழக்கமில்லை. எங்கள் மகள் முதல் வாரம் தயிர்சாதம் எடுத்துச் சென்றாள். பத்து நிமிடத்தில் முற்றத்தில் நின்றபடி கரண்டியால் சாப்பிட முடியாமல் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுவாரம் சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்தோம், சிக்கல் தீர்ந்தது. பனி கொட்டினாலும் சிறிய வகுப்புப் பிள்ளைகளை இடைவேளையில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் நல்ல காலணியும் மழைச்சட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

ஆசிரியர் வராவிட்டால் மாற்று அட்டவணை போடுவார்கள், அல்லது பாடவேளையே ரத்தாகிப் பிள்ளை முன்கூட்டியே வீடு திரும்பும். ஆகவே பள்ளி பயன்படுத்தும் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக் காலையில் பார்த்துவிடுங்கள், வீட்டுச் சாவி ஒன்றையும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

நீச்சல் பல பள்ளிகளில் பாடத்தின் பகுதி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே கற்பார்கள். அதுபோலவே வகுப்புச் சுற்றுலாவும் வெறும் பொழுதுபோக்கு இல்லை. கிளாசன்ஃபார்ட் என்று அழைக்கப்படும் அந்தப் பயணத்தில் வகுப்பு முழுவதும் நான்கைந்து நாள் வெளியூர் சென்று இளைஞர் விடுதியில் தங்கும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் நன்கு அறிவேன், அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. அனுப்புங்கள். ஆண், பெண் அறைகள் தனித்தனி, ஆசிரியர்கள் உடன் இருப்பார்கள், சைவ உணவு வேண்டும் என்று படிவத்தில் எழுதினால் தருவார்கள். எங்கள் மகள் அந்த ஐந்து நாளில் பேசிய ஜெர்மன், அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் பேசியதைவிட அதிகம். குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் பயணச் செலவுக்கு அரசு உதவி உண்டு, பள்ளி அலுவலகத்தில் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: மதிப்பெண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 மிக நன்று, 2 நன்று, 3 நிறைவானது, 4 போதுமானது, 5 குறைபாடுள்ளது, 6 போதாது. 4 வரை தேர்ச்சி. இங்கே 3 என்பது கெட்ட மதிப்பெண் இல்லை, நல்ல ஜெர்மானியக் குடும்பங்களிலும் அதை அமைதியாக வாங்கி மடித்து வைக்கிறார்கள். வகுப்பில் தரவரிசை சொல்வதில்லை. தேர்வுத் தாளைத் திருப்பித் தரும்போது எத்தனை பேர் 1, எத்தனை பேர் 2 என்று பெயரில்லாத ஒரு சிறு கணக்கைப் பலகையில் எழுதுவார்கள், அவ்வளவுதான். தேர்வுத் தேதி முன்பே அறிவிக்கப்படும், திருத்திய தாளில் பெற்றோர் கையொப்பம் கேட்கப்படும்.

ஆனால் தாளில் வாங்கியது மட்டும் மதிப்பெண் இல்லை. எங்கள் மகள் வழக்கமான வகுப்புக்கு மாறிய முதல் அரையாண்டில் கணக்குத் தேர்வுகளில் ஒரு 1, ஒரு 2 வாங்கினாள். அரையாண்டுச் சான்றிதழில் கணக்குக்கு 3 என்று இருந்தது. தவறு நேர்ந்துவிட்டது என்று உறுதியாக நம்பிக்கொண்டு ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆசிரியை பொறுமையாகத் தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம், எங்கள் மகளின் வரிசையில் அநேகமாக எல்லாக் கட்டங்களும் வெறுமை. "அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் கையுயர்த்துவதே இல்லையே" என்றார்.

வகுப்பில் பேசுவது, கேள்வி கேட்பது, குழுவில் பங்குகொள்வது, வீட்டுப்பாடத்தை வாசித்துக் காட்டுவது எல்லாம் சேர்ந்து வாய்மொழி மதிப்பெண் ஆகிறது. மாநிலத்தையும் பாடத்தையும் பொறுத்து அது மொத்த மதிப்பெண்ணில் ஏறத்தாழ பாதி வரை வரும். வரலாறு, உயிரியல் போன்ற பாடங்களில் பாதிக்கு மேலும் போகும். நாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்க்கிறோம்? ஆசிரியர் கேட்டால் மட்டும் பேசு, குறுக்கே பேசாதே, தெரியாததைக் கேட்டு மானத்தை வாங்காதே. அந்த அடக்கம் நம் ஊரில் நல்ல பிள்ளை என்ற பெயரை வாங்கித் தரும். இங்கே அது ஆர்வமின்மையாகப் பதிவாகிறது. பிள்ளை தவறு செய்யவில்லை, ஆசிரியரும் செய்யவில்லை. இரண்டு பழக்கங்கள் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் முட்டிக்கொள்கின்றன, நடுவில் மதிப்பெண் அடிவாங்குகிறது.

நாங்கள் செய்தது எளிமையானது. ஒவ்வொரு மாலையும் மறுநாள் பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் ஒரு விடையும் ஜெர்மனில் எழுதி, அவள் சத்தமாகச் சொல்லிப் பழகுவாள். மறுநாள் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நேரம் போகப் போகத் துணிவு கரைந்துவிடும். இங்கே கையை விரித்து உயர்த்துவதில்லை, சுட்டுவிரலை மட்டும் உயர்த்துவார்கள். அதையும் கண்ணாடி முன் நின்று பழகினாள். ஆசிரியையிடமும் முன்கூட்டியே பேசி, அவள் விரலை உயர்த்தும்போது சற்றுக் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டோம், மனமுவந்து ஒப்புக்கொண்டார். அடுத்த சான்றிதழில் 3 இரண்டாயிற்று.

ஆண்டுக்கு இரண்டு சான்றிதழ்கள்: ஒன்று ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில், மற்றது கோடை விடுமுறைக்கு முன். இரண்டாவதைப் பொறுத்தே அடுத்த வகுப்பு. முக்கியப் பாடங்களில் 5 வாங்கி, அதை ஈடுகட்ட வேறு பாடங்களில் நல்ல மதிப்பெண் இல்லையென்றால் அதே வகுப்பில் மீண்டும் உட்கார நேரலாம். அப்படி ஆபத்து இருந்தால் பள்ளி முன்பே கடிதம் அனுப்பும். மக்கள் அதை நீலக் கடிதம் என்பார்கள், இப்போது வரும் உறை நீலமாக இருக்காது. அந்தக் கடிதம் வந்தால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பாட ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள், மீள்வதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்.

ஆறாம் படி: பெற்றோரின் கடமைகள்

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் மாலைக் கூட்டம் நடக்கும். எல்டர்ன்ஆபெண்ட் எனப்படும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் நாற்காலிகளில் உட்கார்ந்து, பயணம், தேர்வு, வகுப்பு நிதி எல்லாவற்றையும் பேசுவார்கள். பெற்றோர் பிரதிநிதிகளையும் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் ஜெர்மன் அரைகுறையாக இருந்தாலும் போங்கள். இரண்டு பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு திரும்பி வந்தாலே அந்த மாலை வீணில்லை. ஒரு பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச வேறு நாள் உண்டு. அன்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் பத்து நிமிடம் கிடைக்கும், கேள்விகளை எழுதிக்கொண்டு போவது நல்லது.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பள்ளி தொடங்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். விடுமுறைக்கு வெளியே ஊருக்குப் போவது இங்கு விளையாட்டான காரியம் அல்ல. விமானச் சீட்டு மலிவு என்பதற்காக இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பினால் அபராதம் வரும். பவேரியாவில் விடுமுறைக்கு முந்தைய நாட்களில் காவல்துறையினர் விமான நிலையத்திலேயே பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கேட்பதுண்டு. அண்ணன் திருமணம், பாட்டியின் மறைவு போன்ற உண்மையான காரணங்களுக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் விடுப்புத் தருவார்கள்.

இரண்டாம் அயல்மொழி ஒரு தனிக் கவலை. கிம்னாசியத்தில் ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, லத்தீன், ஸ்பானிஷ் என்று ஒன்று தொடங்கும். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை, மற்றவர்கள் மூன்றாண்டு படித்ததை எப்படிப் பிடிக்கும்? சில மாநிலங்களில் தாய்மொழியில் தேர்வு எழுதி அதை அந்த அயல்மொழிக்கு ஈடாக ஏற்கும் வழி இருக்கிறது. தமிழுக்குத் தேர்வாளர் கிடைப்பாரா என்பதைச் சேரும் ஆண்டிலேயே கல்வி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஈழத்திலிருந்து வந்து இந்த நாட்டில் வேரூன்றிய தமிழர்கள் பல நகரங்களில் வார இறுதியில் தமிழாலயங்களை நடத்திவருகிறார்கள். அங்கே தமிழ் எழுதப் படிக்கக் கற்பதோடு, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த அக்காமாரும் அண்ணாமாரும் பிள்ளைக்கு அறிமுகமாவார்கள். அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை நாம் சொல்லும் நூறுக்குச் சமம்.

ஏழாம் படி: ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் திறக்கும் வழிகள்

பெரும்பாலான பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வாக்கில் மாணவர்கள் இரண்டு மூன்று வாரம் ஒரு பணியிடத்தில் பயிற்சி பெற வேண்டும். இடத்தை அவர்களே தேடிக் கடிதம் எழுதிப் பிடிக்க வேண்டும். பல் மருத்துவமனை, மரவேலைப் பட்டறை, நூலகம் எதுவாகவும் இருக்கலாம். அப்பாவின் அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்துகொடுத்துவிடாதீர்கள், தேடுவதே பாடம்.

பத்தாம் வகுப்பின் முடிவில் நடுநிலைச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு முன் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. நல்ல மதிப்பெண் இருந்தால் கிம்னாசியத்தின் அல்லது கெசாம்ட்ஷூலேயின் மேல்வகுப்புகளுக்கு மாறலாம். பெருஃப்லிஷஸ் கிம்னாசியும் எனப்படும் தொழில்சார் கிம்னாசியத்தில் தொழில்நுட்பம், பொருளியல், சமூகப்பணி போன்ற ஒரு துறையை எடுத்துக்கொண்டு மூன்றாண்டில் முழு அபிட்டூரையே பெறலாம். அல்லது ஃபாக்ஓபர்ஷூலேயில் படித்து, செயல்முறைக் கல்விக்கு முதன்மை தரும் பயன்முறைப் பல்கலைக்கழகங்களுக்கான தகுதியைப் பெறலாம். பத்து வயதில் ரியால்ஷூலேக்குப் போன பிள்ளை பத்தொன்பது வயதில் பொறியியல் படிக்கத் தொடங்குவது இங்கே அதிசயமே இல்லை. விண்ணப்பத் தேதிகளைத் தவறவிட்டுத்தான் நம் பிள்ளைகள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். பல மாநிலங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே, அரையாண்டுச் சான்றிதழைக் கொண்டு, விண்ணப்பித்துவிட வேண்டும்.

நான்காவதாக அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனத்தில் வேலை, முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை. பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட 300-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன: மின்வினைஞர், ஆய்வக உதவியாளர், வங்கிப் பணியாளர், கணினி நிரலாளர் என்று. நம்மவர்கள் இதைப் படிக்காதவர்களின் புகலிடமாக நினைப்பது பெரும் தவறு. அபிட்டூர் முடித்தவர்களே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயிற்சிக்குப் பின் மைஸ்டர் என்ற மேல்நிலைத் தகுதி பெற்றவர் சொந்தப் பட்டறை நடத்தலாம், விரும்பினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். கைவேலையில் மனம் ஊன்றிய பிள்ளையை வற்புறுத்தி மேல்வகுப்பில் உட்காரவைக்காதீர்கள்.

எட்டாம் படி: மேல்வகுப்புகளும் அபிட்டூரும்

மேல்வகுப்புக்கு வந்ததும் பல பள்ளிகளில் ஆசிரியர்கள் மாணவர்களை 'டூ' என்று ஒருமையில் அழைப்பதை நிறுத்தி, 'சீ' என்று மரியாதையாக அழைக்கத் தொடங்குவார்கள். நேற்றுவரை நீ, இன்று முதல் நீங்கள். நீ, நீங்கள் வேறுபாட்டோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் யாரும் விளக்காமலே புரியும். இனிப் பொறுப்பு உங்களுடையது என்று பள்ளி சொல்கிறது.

வகுப்பு என்ற பழைய கூட்டம் கலைந்து, ஒவ்வொருவரும் தமக்கான பாடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். சில பாடங்களைக் கூடுதல் நேரத்தோடு ஆழமாகவும் மற்றவற்றை அடிப்படை நிலையிலும் படிப்பார்கள். மதிப்பெண்ணும் 0 முதல் 15 புள்ளி வரை என்று மாறும், இப்போது உயர்ந்த எண்ணே உயர்ந்த மதிப்பெண். 15 புள்ளி முன்பு சொன்ன 1-இன் உச்சம், 5 புள்ளி 4-க்கு இணை.

அபிட்டூரின் கணக்கைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 900 புள்ளிகள். அதில் 600 கடைசி இரண்டு ஆண்டுகளின் நான்கு அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து வருகிறது, இறுதித் தேர்வுகளுக்கு 300 மட்டுமே. நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்பு போல, கடைசி மூன்று மாதம் இரவு பகலாக விழுந்து படித்துச் சரிக்கட்டிவிட முடியாது. மாணவர் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குள் நுழைந்த முதல் நாளே அபிட்டூர் தொடங்கிவிடுகிறது. அந்த அரையாண்டு மதிப்பெண்களிலும் வாய்மொழிப் பங்கு இருக்கிறது. இறுதித் தேர்வு நான்கு அல்லது ஐந்து பாடங்களில் நடக்கும், ஒன்றாவது வாய்மொழித் தேர்வாக இருக்கும். ஜெர்மன், கணக்கு, ஓர் அயல்மொழி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இடம்பெற வேண்டும். தேர்ச்சிக்கு 300 புள்ளி வேண்டும், அது 4.0. 823 புள்ளியும் அதற்கு மேலும் 1.0, அதற்கு மேல் ஒரு மதிப்பு இல்லை.

அபிட்டூர் கையில் இருந்தால் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் எந்தத் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவம் போல இடம் குறைவான துறைகளுக்குத்தான் சராசரி மதிப்பெண் பெரிதாக எடைபோடப்படும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ஜெர்மனியில் அபிட்டூர் முடித்த பிள்ளைக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

சான்றிதழ் வழங்கும் நாளில் மாணவர்கள் புத்தாடை உடுத்தி ஒவ்வொருவராக மேடையேறுவார்கள், மாலையில் விருந்தும் நடனமும் இருக்கும். மறுவாரமே சான்றிதழை எடுத்துக்கொண்டு நகர அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ போய் ஐந்தாறு சான்றளித்த நகல்கள் வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதி பல துறைகளுக்கு ஜூலை 15.